அடுக்களைக் கணக்கு

மலையளவு நூல்களைக் கற்று, தேசங்களின் செல்வநிலையைப் பற்றி மேடையேறி விரித்துரைக்க வல்லார் நம்முள் பலர் உளர். அவரைத் தனியே அழைத்து, "நும் இல்லத்தில் ஒரு திங்களுக்குப் பருப்பு எவ்வளவு செலவாகின்றது? எண்ணெய் எவ்வளவு? மளிகைக் கடையில் நிலுவை எவ்வளவு?" என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. "அவையெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும்" என்று நகைத்துக்கொண்டே நழுவுவர். தேசத்தின் வரவு செலவைக் கற்பது கல்வியென்றும், வீட்டின் வரவு செலவை அறிவது பெண்டிர் தொழிலென்றும் நாம் கொண்டுவிட்ட இவ்வெண்ணம் எத்துணைத் தவறானதென்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செட்டு என்னும் சொல்லைக் கேட்டவளவில் கஞ்சத்தனத்தை நினைப்பார் உளர். இரண்டும் வேறு. கஞ்சன், பொருள் இருந்தும் உண்ணான். செட்டுள்ளவன், இருக்கும் பொருளைக் கொண்டு எல்லாரும் உண்ணுமாறு வகுப்பான். திருவள்ளுவர், வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாதவரை கேடில்லை என்னும் கருத்தை எங்கே வைத்தாரென்று நோக்குக. இல்வாழ்க்கையைப் பற்றிய அதிகாரத்தில் அவர் அதனை வைக்கவில்லை. வேந்தன் ஒருவன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோட்டு அறிய வேண்டுமெனக் கூறும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். ஆதலின் வரவு செலவுக் கணக்கு ஏழைமையின் அடையாளமன்று. தன் வலிமையைத் தானறியும் அறிவேயாம்.

இனி, இவ்வறிவு நம் பக்கத்தில் யாவர்க்கு மிகவும் வேண்டப்படுகின்றதென்று பார்ப்போம். வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஈறாகப் பாலாற்றை ஒட்டிய ஊர்கள் தோற்பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் வாழ்வன. 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தன. எனினும் ஊர்களைப் பிணைத்த தொழில் ஒன்றேயாம். காலணித் தொழிற்சாலைகளிற் பணிபுரிவோருட் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகட்கும் கணவற்கும் மாமியார்க்கும் ஆக்கி வைத்து, தம் பங்கைச் சோற்றுப் பாத்திரத்தில் அடைத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும் சாலைமுனைக்கு ஓடுகின்றவர் இவர். நம் மாணவருட் பலர் இத்தகைய தாயரின் மக்களே.

இவர்களின் வரவு திங்கள்தோறும் வருவதாயினும், உறுதியானதெனக் கூறுதற்கில்லை. வெளிநாட்டார் காலணி கேட்டால் வேலை மிகும், கேளாவிடின் குறையும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள்மீது நூற்றுக்கு 50 என்னும் அளவுவரை வரி விதித்தபொழுது, ஆம்பூரின் தெருக்களிலும் அந்த அச்சம் வந்து நின்றது. கடல்கடந்த ஒரு நகரத்திற் கையெழுத்தான ஆணை, நம் பக்கத்து அடுக்களையில் உலைநீரின் அளவைக் குறைக்க வல்லதாயிருக்கின்றது. ஆகவே இவ்வட்டாரத்துக் குடும்பம், மிகுதியாக வரும் மாதத்தைக் கொண்டு கணக்கிடுதல் ஆகாது; குறைவாக வரும் மாதத்தைக் கொண்டு கணக்கிட்டு, மிகுந்ததை ஒதுக்கி வைத்தலே முறையாம்.

ஜெர்மனி தேசத்தின் சாக்ஸனி நாட்டில் எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் புள்ளியியலார் 1857-ஆம் ஆண்டில் ஓருண்மையை வெளியிட்டார். குடும்பம் எத்துணை ஏழ்மையுடையதோ, அத்துணைப் பெரும்பங்கு அதன் வருவாயில் உணவுக்கே செலவாகும் என்பது அது. அவ்வுண்மை இன்றும் பொய்த்திலது. 2023-24-ஆம் ஆண்டின் இந்திய அரசு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமக் குடும்பங்களின் செலவில் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பங்கும், நகரக் குடும்பங்களின் செலவில் ஏறக்குறைய 40 பங்கும் உணவுக்கே செல்கின்றன. இது சராசரி, ஏழைக் குடும்பத்தில் இப்பங்கு இதனினும் மிகும். வீட்டு வாடகையைக் குறைத்தல் இயலாது; பள்ளிக் கட்டணத்தையும் கடன் தவணையையும் தள்ளிப்போடுதல் அரிது. கை சுருங்கும்பொழுது சுருக்கக்கூடியதாகத் தோன்றுவது சாப்பாடு ஒன்றே.

அந்தச் சுருக்கம் யாருடைய தட்டில் விழுகின்றது? இதுவே நான் படிப்பவர்முன் வைக்க விரும்பும் வினா. குழந்தைகளின் தட்டில் விழுவதில்லை. தாய் அதற்கு ஒருப்படாள். உழைத்து வந்த ஆடவர் தட்டிலும் விழுவதில்லை. வழக்கம் அதற்கு இடங்கொடாது. எல்லார்க்கும் இட்டபின் எஞ்சிய குழம்பின் அடியும், தீய்ந்த தோசையும், முட்டையில்லாத சோறும் யாருக்கு வருகின்றனவோ, அவளே அக்குடும்பத்தின் சிக்கனத்தைத் தன் உடம்பாற் சுமக்கின்றாள். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தச் சோகை உண்டெனக் கூறுகின்றது. இந்நோய்க்குக் காரணங்கள் பல. ஆயினும் கடைசியில் உண்ணும் வழக்கமும் அவற்றுள் ஒன்றென்பதை மறுத்தல் அரிது. ஒருத்தியைப் பட்டினியிட்டு மிச்சம்பிடிக்கும் காசு செட்டாகாது, அது கடன். வட்டியோடு மருத்துவமனையிற் கட்டவேண்டிய கடன்.

ஆதலின் சிக்கனத்துக்கு ஓர் உரைகல் வேண்டும். சமைப்பவளும் பிறரோடொத்த உணவை உண்டபின் எஞ்சும் பணமே மிச்சம், மற்றையது மிச்சமன்று. இவ்வுரைகல்லைக் கையிற்கொண்டு மேலே செல்வோம்.

தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை என்னும் பெருந்துணை ஒன்றுண்டு. 1997-இல் மத்திய அரசு ஏழைகளை மட்டும் பிரித்தெடுத்து வழங்கும் முறையைக் கொணர்ந்தபொழுதும், நம் மாநிலம் எல்லார்க்கும் பொதுவாக வழங்கும் முறையைக் கைவிடவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி அரிசி அட்டையினர்க்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று ஆளுக்கு 5 கிலோ வீதம் 20 கிலோ அரிசி பெறுகின்றது என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஒருவர்க்கு ஏறக்குறைய 167 கிராம் வரும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவர்க்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம் போதுமெனக் கூறப்பட்டுள்ளது. அவ்வளவில் மூன்றில் இரண்டு பங்கு கடையிலேயே கிடைத்துவிட்டது.

பருப்பின் நிலையோ வேறு. கடையில் மானிய விலையிற் கிடைக்கும் துவரம்பருப்பு குடும்பத்துக்கு 1 கிலோ; அதாவது நாளொன்றுக்கு ஒருவர்க்கு 8 கிராம் சொச்சம். மேற்கூறிய வழிகாட்டி வேண்டுவதோ 85 கிராம். பத்தில் ஒருபங்கே கடையில் வந்தது. ஒன்பது பங்கு வெளியில் வாங்க வேண்டும். இக்கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தவர்க்கு, கையிலுள்ள காசை எதற்குச் செலவிட வேண்டுமென்பது தானே விளங்கும். ஆனால் நடப்பது யாது? கடையரிசி கௌரவத்துக்குக் குறைவென்று எண்ணி, அதனைக் கோழிக்கு இறைத்தோ, மாவரைக்க மட்டும் வைத்தோ, வெளியில் மெல்லிய வெள்ளரிசியை மூட்டையாக விலைகொடுத்து வாங்குவோர் பலர். அம்மூட்டைக்குக் கொடுத்த பணம் பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும் உரியதாகும். அரிசியின் நிறத்தை வாங்கி உடம்பின் நிறத்தை விற்கின்றோம்.

கடையரிசி சிலகால் நாறும், கல்லிருக்கும் என்பர். அது மெய்யாயின், கடையில் முறையிட்டுத் திருத்தக் கோருவது குடிமக்கள் உரிமை. நல்லரிசி வந்த மாதத்திலும் அதனை ஒதுக்குவது வீண்பெருமை.

நிற்க, வாங்கும் முறையைப் பற்றிச் சில கூறுவேன். ஏழைகள் சிறுகச் சிறுக வாங்குகின்றனர். காசு சிறுகச் சிறுக வருவதே அதற்குக் காரணம். ஒரு கிலோ பருப்பு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே பருப்பைத் தெருமுனைக் கடையில் 100 கிராம் 18 ரூபாய்க்கு வாங்கினால், பத்து முறையில் 180 ரூபாய் ஆகும். முப்பது ரூபாய், அதாவது ஐந்தில் ஒருபங்கு மிகுதி. செல்வன் ஒருவன் மலிவாகவும் கூலிக்காரி ஒருத்தி அதிக விலைக்கும் ஒரே பொருளை வாங்கும் விந்தை இவ்வாறே நிகழ்கின்றது. ஆயினும் பெரிய பொட்டலமே எப்பொழுதும் மலிவென்று நம்பிவிடுதலும் தவறு. சில பண்டங்களில் சிறு பொட்டலமே அளவுக்கு மலிவாக இருத்தலுண்டு. பொட்டலங்களின்மேல் ஒரு கிராமுக்கு, அல்லது ஒரு கிலோவுக்கு இன்ன விலையென்று அச்சிட வேண்டுமென இப்பொழுது விதியிருக்கின்றது. அவ்வெழுத்து மிகச் சிறிது. வயது முதிர்ந்த கண்களுக்குப் புலப்படாது. ஆனாற் கல்லூரியிற் பயிலும் மகனுக்கும் மகளுக்கும் புலப்படுமன்றோ? கணிதம் கற்றவர் கடைக்கு உடன் செல்லாதிருப்பது ஏனோ?

இரண்டாவது, கடையில் வைக்கும் கணக்குப் புத்தகம். மாதக் கடைசியில் அரிசியும் எண்ணெயும் கடனாகக் கொடுக்கும் கடைக்காரர் பலகால் குடும்பத்தைக் காப்பவரே. அவரைப் பழித்தல் நன்றியாகாது. ஆயினும் கடனில் வாங்குபவள் விலை கேட்க நாணுவாள். எடையைப் பார்க்க அஞ்சுவாள். வேறு கடைக்குப் போகவும் துணியாள். கடனுக்கு வட்டி எழுதப்படாவிடினும், பொருளின் விலைக்குள் அது மறைந்தே இருக்கின்றது. ஆதலால் முதற்கண் சேர்க்க வேண்டுவது ஒரு மாத மளிகைக்குரிய முதல். அதனை ஒரே மாதத்திற் சேர்த்தல் இயலாது. மாதம் ஒரு பொருளைக் கடன் புத்தகத்தினின்றும் விடுவிக்கலாம். இம்மாதம் எண்ணெய் ரொக்கத்துக்கு. அடுத்த மாதம் எண்ணெயும் பருப்பும் ரொக்கத்துக்கு. ஓராண்டிற்குள் புத்தகம் வெறும் புத்தகமாகிவிடும்.

மூன்றாவது, சந்தை. 1999-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் முதன்முதற் றிறக்கப்பட்ட உழவர் சந்தை, பின்னர் வேலூர் முதலிய ஊர்களிலும் ஏற்பட்டது. உழுதவரே விற்கும் இடமாதலின் நடுவில் தரகு இல்லை. அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுகின்றது. ஆயின் சந்தை காலையிற் கூடுவது. தொழிற்சாலைப் பெண்ணோ அந்நேரத்திற் பேருந்தில் இருப்பாள். அவளுக்கு எஞ்சுவது மாலையில் வாடிய காய், அல்லது வீட்டு வாசலில் வந்து விற்கும் வண்டியின் விலை. ஆகவே சந்தைக்குச் செல்லும் கடமை வீட்டிலுள்ள பிறரைச் சார வேண்டும். இரவு முறை வேலை முடித்து வரும் தந்தையோ, வகுப்புக்குச் செல்லுமுன் மிதிவண்டி ஏறும் மகனோ பையை எடுத்துச் செல்லின் என்ன குறை?

தனித்து நின்று வாங்குபவர் தோற்பர். கூடி நின்று வாங்குபவர் வெல்வர். இதற்கு உலகறிந்த சான்றொன்றுண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவாலை ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் 28 பேர் கூடித் தம் சிறுகாசைச் சேர்த்து ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சில பண்டங்களே அதில் இருந்தன. கலப்படமில்லாப் பொருள், சரியான எடை, ரொக்கத்துக்கே விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப இலாபப் பங்கு என்பன அவர்தம் விதிகள். அவர் வகுத்த நெறியே உலகெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அடிப்படையாயிற்று. நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுச் சங்கமும் அவ்வழி வந்ததே. இன்று நம் நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றை நடத்துவனவும் கூட்டுறவுச் சங்கங்களே.

ராச்டேலுக்கும் ஆம்பூருக்கும் கடல் இடையிட்டதேயன்றி நிலைமை இடையிட்டதன்று. அங்கும் ஆலை, இங்கும் ஆலை. அங்கும் மாதக்கடைசிக் கடன், இங்கும் அதுவே. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இப்பொழுது நம் கிராமந்தோறும் உள்ளன. கடன் வாங்கவும் தவணை கட்டவும் கூடுகின்ற அப்பெண்கள், மாதம் ஒருமுறை பருப்பும் மிளகாயும் புளியும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளவும் கூடலாமன்றோ? ஒரே பேருந்தில் நாள்தோறும் செல்லும் பத்துப் பெண்கள் ஒரு மூட்டைத் துவரையை மொத்தக் கடையில் வாங்கினால், ஒவ்வொருத்தியும் செல்வர் வாங்கும் விலைக்கே வாங்கியவளாவாள். இதற்குச் சட்டம் வேண்டா, கட்டடம் வேண்டா; ஒரு தராசும் ஒரு நாணயமான கணக்குப் பிள்ளையும் போதும். அக்கணக்கை எழுத நம் மாணவியர் முன்வரலாம்.

இனிச் சமையலைப் பற்றிக் கூறுவேன். வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் முன்னோர் உண்டது கேழ்வரகு. களியும் கூழும் உழைப்பாளி உணவாயிருந்தன. நெல்லுச்சோறு பெருமையென வந்தபின் அவை வீட்டின் புறக்கடைக்குச் சென்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ அது 10 மில்லிகிராம் அளவே. இப்பொழுது நகரத்துப் பெரிய கடைகளில் அதே கேழ்வரகு வண்ணப் பெட்டியில் அடைபட்டு மிகுவிலைக்கு விற்கப்படுகின்றது. பெட்டியிலுள்ளதும் சாக்கிலுள்ளதும் ஒரே தானியமாதலின், சாக்கிலிருந்து வாங்கி அரைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நிலக்கடலை நம் மண்ணில் விளைவது. எடையில் ஏறத்தாழ நாலில் ஒருபங்கு புரதம் உடையது. கொள்ளும் தட்டைப்பயறும் துவரையினும் புரதத்திற் குறைந்தனவல்ல. துவரை விலையேறும் காலத்தில் அவற்றை மாற்றிச் சமைக்கலாம். வேலியோரத்து முருங்கைக்கீரைக்கு விலையே இல்லை. பயறுகளை முன்னிரவிலேயே ஊறவைத்தால் அடுப்பெரியும் நேரம் பாதியாகக் குறையும், எரிவாயு மிஞ்சும், காலையில் அவளுக்கு அரைமணி உறக்கமும் மிஞ்சும். உறக்கமும் ஒரு செல்வமென்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதுவதில்லை. கீரையுணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்கு சேரும்; உண்டவுடன் தேநீர் பருகினால் அது தடைப்படும். தேநீரை ஒருமணி தள்ளிப் பருகுதற்குக் காசு செலவில்லை.

தோல் வணிகமும் இறைச்சி வணிகமும் உடன்பிறந்தவை. அதனால் நம் வட்டாரத்தில் மாட்டிறைச்சி பல ஏழைக் குடும்பங்கட்கு ஆட்டிறைச்சியினும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நல்லுணவாக இருந்துவருகின்றது. உண்பவரை உண்ணாதார் இகழ்தல் பண்பாடன்று. ஏழையின் தட்டிலுள்ள புரதத்தின்மேல் பிறர் வெறுப்பைக் கொட்டுதல் அறமுமன்று. உண்ணாதார்க்கு முட்டையும் பயறும் உள. அவரவர் வழக்கத்திற்குட்பட்டே அவரவர் கணக்கு அமைதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "வயிறார உண்பார் பசித்திருப்பார்க்குச் சிக்கனம் போதிப்பது எளிது, கூலி குறைவாயிருக்க, கீரையையும் கொள்ளையும் புகழ்ந்து பயனென்னை?" என்பர் சிலர். இம்மறுப்பு நியாயமானதே. எந்தச் செட்டும் குறைகூலிக்கு ஈடாகாது. நம் வட்டாரத்தில் இதற்குத் தெளிவான சான்று தண்ணீர். பாலாற்றங்கரைக் கிணறுகள் ஒருகாலத்தில் இலவசமாக ஈந்த நீரை, தோற்கழிவு கெடுத்துவிட்டது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய ஈட்டைக் கொடுத்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் இன்றும் பல வீடுகளில் 20 லிட்டர்க் குடம் விலைக்கு வாங்கிவைக்கப்படுகின்றது. பாட்டியின் கணக்கில் இல்லாத இச்செலவு பேத்தியின் கணக்கில் ஏறியிருக்கின்றது. இதனை எந்த இல்லத்தரசியும் தன் சாமர்த்தியத்தாற் குறைக்க முடியாது. ஆகவே கூலியும் ஆறும் பொதுமக்கள் கேட்டுப் பெறவேண்டியவை. அடுக்களைக் கணக்கு அக்கோரிக்கைக்கு மாற்றாகாது. ஆனால் துணையாகும். தன் வீட்டில் தண்ணீருக்கு ஆண்டில் இத்தனை ரூபாய் சென்றதென்று எழுதி வைத்திருப்பவளின் சொல், வெறும் புலம்பலினும் வலிதன்றோ?

இன்னொரு சாரார், "சிக்கனம் பேசுவோர் ஏழையின் நாவிலுள்ள சுவையையும் பிடுங்குகின்றனர்" என்பர். அங்ஙனம் பிடுங்குதல் என் கருத்தன்று. ஆம்பூர்ப் பிரியாணியும், சீரகச்சம்பாவின் மணமும், உடன் வரும் கத்தரிக்காய்க் கறியும் இம்மண்ணின் செல்வங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் புவிசார் குறியீடு பெற்று நம் ஊர்ப் பெயரை நிலைநாட்டியிருக்கின்றது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இச்சுவைக்கென்று பணம் ஒதுக்காத கணக்கு, நிலைத்து நில்லாது. மூன்றாம் மாதமே முறிந்துவிடும். முன்னரே ஒதுக்கிய விருந்து மகிழ்ச்சி தரும். கடன்பட்டு உண்ட விருந்து கசப்புத் தரும். விருந்தும் கணக்கில் ஒரு வரியாக இருக்கட்டும்.

சிக்கனத்தை அடுக்களையோடு நிறுத்துதலும் முறையன்று. கொத்தமல்லித் தழையில் இரண்டு ரூபாய் மிச்சம்பிடிக்குமாறு மனைவிக்கு உபதேசித்துவிட்டு, மாலையில் மதுக்கடையிலும் புகையிலும் இருநூறு ரூபாயைக் கரைப்பவன் சிக்கனம் பேசத் தகுதியற்றவன். குடும்பத்தின் பெரிய ஓட்டை பலகால் உலைப்பானையில் இல்லை. சட்டைப் பையில் உள்ளது. அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தகுதியுள்ள பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையாகச் செலுத்தத் தொடங்கியது. அதனைத் தொகையென்று சொல்லாமல் உரிமையென்று சொன்னது சாலப் பொருத்தம். அப்பணத்தை அவள் அறியாமல் எடுத்துச் செலவழிப்பவன் எவனாயினும், அவன் வீட்டுக் கணக்கில் திருட்டு என்னும் தலைப்பின்கீழ் எழுதப்படவேண்டியவன்.

மாணவ நண்பர்களே, உங்கட்கும் இதில் பங்குண்டு. விடுதியில் இலையில் இட்ட சோற்றைப் பாதி எறிந்துவிட்டு, இரவில் கைபேசியில் விரலை அழுத்திப் பொட்டலச் சோற்றை வரவழைப்பது நம்முள் வழக்கமாகிவருகின்றது. வரவழைப்புக் கூலியும் பொட்டலக் கூலியும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் நால்வர்க்குரிய ஒருவேளைக் குழம்பின் செலவு அதில் அடங்கும். வேலூரில் காந்தி சாலையையும் அதனையடுத்த தெருக்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் பிற தொலைநாடுகளிலிருந்தும் நோயாளிகளோடு வந்தவர்கள், சிறு விடுதி அறைகளில் தாமே அரிசி வாங்கி, மீன் வாங்கிச் சமைத்து உண்கின்றனர். சிகிச்சை எத்தனை நாள் நீடிக்குமென்றறியாமல், கைப்பணத்தை நாள்களோடு பொருத்தி நீட்டுகின்ற அவர்களிடம் நாம் கற்க வேண்டியது மிகவுண்டு.

கணக்கெழுதுதல் கல்லூரி மாணவர்க்குத் தகாத தொழிலென்று எண்ணற்க. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவரைக் கொண்டு தென்னாட்டுக் கிராமங்களின் நிலையை விசாரித்தெழுதச் செய்து, 1918-இல் நூலாக வெளியிட்டார். அக்கிராமங்களுள் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த தூசியும் ஒன்று. நூறாண்டு கழிந்தும் ஆராய்ச்சியாளர் அந்நூலைத் தேடிப் படிக்கின்றனர். மாணவர் தம் மக்களிடையே சென்று வினவி எழுதிய குறிப்புகளே அதற்கு அடிப்படை. அவர் ஊரைப் பார்த்தெழுதினர். நீவிர் உம் வீட்டைப் பார்த்தெழுதுங்கள்.

வருகின்ற விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குக. ஒரு மாதம் முழுதும் வீட்டிற்கு வந்த ஒவ்வொரு பண்டத்தையும், அதன் எடையையும், விலையையும், ரொக்கமா கடனா என்பதையும் எழுதுக. மாத இறுதியில் கூட்டிப் பார்க்க. எது மிகுதி, எது குறைவு, எந்தப் பண்டத்தைக் கூடி வாங்கலாம், எந்தக் கடனை முதலில் அடைக்கலாம் என்பவற்றை அன்னையோடு அமர்ந்து பேசுக. அவர்க்குத் தெரியாதவற்றை நீங்கள் கூறுவதினும், உங்கட்குத் தெரியாதவற்றை அவரிடம் கேட்பதே மிகுதியாயிருக்கும். இவற்றோடு இன்னும் ஒரு பத்தியும் அப்புத்தகத்திற் கோடிட்டுக்கொள்க. வீட்டில் கடைசியாக உண்டவர் யார், அவர் தட்டில் என்ன இருந்தது என்பதை ஒவ்வொரு நாளும் அதில் எழுதுக. அந்தப் பத்தி பிற தட்டுகளோடு ஒத்திருக்கும் நாளில், உங்கள் வீட்டுச் சிக்கனம் செம்மையான தென்று கொள்ளலாம்.